கிடை ஆடுகளும் நீலத் திமிங்கலங்களும்

அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவதை நம் சுரண்டைப் பக்கத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. பகலில் ஆடுகள் வரப்பையும் தரிசையும் மேய்ந்து திரியும். இரவானதும் அவற்றை ஒரே வயலில் அடைத்து வைப்பார்கள். விடியும்போது அந்த மண்ணில் புழுக்கையும் மூத்திரமும் கலந்திருக்கும். வயல்காரர் அதற்காகக் கிடைக்காரருக்குக் கூலி கொடுக்கிறார். 'என் வயலில் மேய்ந்துவிட்டுப் போகிற ஆட்டுக்கு நான் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?' என்று எந்த விவசாயியும் கேட்பதில்லை. ஆடு தின்பதை மட்டும் பார்ப்பவருக்கு இது நட்டக் கணக்கு. அடுத்த போகத்தையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அப்படி அல்ல.

கடலிலும் இப்படி ஒரு கிடை உண்டு. அதை அறிவியலார் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் மந்தையில் பெரும்பகுதி கொல்லப்பட்டுவிட்டது.

தென்துருவமான அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள குளிர்ந்த கடலில் கிரில் என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. கருவாட்டுக் கடையில் நாம் வாங்கும் கூனி இறாலை நினைத்துக்கொண்டால் அதன் உருவம் ஓரளவு பிடிபடும். ஆனால் கூனியைவிடப் பெரியது. ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் வரை வளரும், எடை சுமார் 2 கிராம் வரை இருக்கும், ஐந்தாறு ஆண்டுகள் உயிர் வாழும். இது தின்பது கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளை. குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும்போது, பனிப்பாளத்தின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்றே குஞ்சுகள் பிழைக்கின்றன. கூட்டமாகச் சேரும் இடத்தில் ஒரு கன மீட்டர் தண்ணீருக்குள் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும்.

இந்தக் கூட்டத்தைத் தேடித்தான் நீலத் திமிங்கலம் வருகிறது. உலகில் இதுவரை வாழ்ந்த விலங்குகளில் மிகப் பெரியது எனக் கருதப்படும் இதற்கு ஒரு பல்கூட இல்லை. மேல்தாடையில் வரிசையாகத் தொங்கும் தகடுகள் உண்டு. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆனவை அவை. ஓரங்கள் நார் நாராகப் பிரிந்திருக்கும். திமிங்கலம் வாயைப் பிளந்துகொண்டு கூட்டத்துக்குள் பாய்கிறது. தொண்டைப் பகுதி பை போல விரிந்து, டன் கணக்கில் தண்ணீர் உள்ளே போகிறது. பிறகு வாயை மூடி, நாக்கால் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. சல்லடையில் தங்குவது போல கிரில் உள்ளே தங்கிவிடும். யோனாவின் கதையைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லலாம்: இவ்வளவு பெரிய வாய் இருந்தும், இதன் உணவுக்குழல் ஓர் ஆளை விழுங்க முடியாத அளவுக்குக் குறுகியது. விவிலியமும் 'பெரிய மீன்' என்றுதான் சொல்கிறதே தவிர, திமிங்கலம் என்று சொல்லவில்லை.

ஒரு நீலத் திமிங்கலம் நாளொன்றுக்கு 4 டன் உண்ணும் என்று முன்பு எழுதி வந்தார்கள். உடலில் கருவி ஒட்டி அளந்த ஆய்வு ஒன்று 2021ஆம் ஆண்டு வெளியானது. கலிபோர்னியாவை ஒட்டிய கடலில் அது 16 டன் வரை உண்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது.

இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் தென்பாதிக் கடல்களில் மட்டும் சுமார் 20 இலட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. அண்டார்க்டிக் நீலத் திமிங்கலங்கள் முதலில் ஏறத்தாழ 2,39,000 இருந்திருக்கும் என்றும், 1970களின் தொடக்கத்தில் சில நூறுகளே மிஞ்சின என்றும் கணக்கிட்டுள்ளனர். அப்போது பலர் ஒரு கணக்குப் போட்டார்கள். தின்பவன் போய்விட்டான், அப்படியானால் கிரில் பெருகுமல்லவா? ஆண்டுக்கு 15 கோடி டன் மிஞ்சும், அதை மனிதன் பிடித்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னார்கள்.

அப்படி மிஞ்சவில்லை. 1970களுக்குப் பின் அட்லாண்டிக் பகுதியில் கிரில் குறைந்தது என்றே நீண்டகாலப் பதிவுகள் சில காட்டின. எவ்வளவு குறைந்தது, பனி சுருங்குவது எவ்வளவு காரணம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்று விளங்கவில்லை. முன்னே சொன்ன 2021ஆம் ஆண்டு ஆய்வின் கணக்குப்படி, வேட்டைக்கு முந்திய காலத்தில் திமிங்கலங்கள் ஆண்டுதோறும் 43 கோடி டன் கிரில்லை உண்டன. இன்று அந்தக் கடலில் உள்ள மொத்தக் கிரில்லைவிட இது அதிகம். அவ்வளவையும் உண்ண விட்டுக்கொண்டு அந்தக் கடல் எப்படித் தாங்கியது?

விடை புழுக்கையில் இருந்தது. தென்கடலில் மற்றச் சத்துகள் நிறைய இருந்தாலும் இரும்பு மிகவும் அரிது. இரும்பு இல்லாமல் பாசி வளராது. கிரில் பாசியைத் தின்னும்போது அந்த இரும்பு அதன் உடலில் சேர்கிறது. திமிங்கலம் கிரில்லில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் எடுத்துக்கொண்டு, இரும்பில் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. அந்தக் கழிவில் இருக்கும் இரும்பின் அடர்த்தி, சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைப்போல ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு என்று 2010ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று தெரிவித்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திமிங்கலம் ஆழத்தில் மூழ்கி உண்டாலும், கழிப்பது மேற்பரப்பில்தான். பாசிக்கு வெளிச்சம் கிடைப்பதும் அங்கேதான். ஆடு புதிதாக உரத்தை உண்டாக்குவதில்லை, தின்றதைத்தான் திருப்பித் தருகிறது. திமிங்கலமும் அப்படியே.

இக்கருத்தை முதலில் வலியுறுத்தியவர்களில் ஒருவர் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையவர். உத்தராகண்ட் மாநிலத்தின் பீம்தாலில் வளர்ந்த கடலியல் அறிஞர் விக்டர் ஸ்மெட்டாசெக் அவர்கள், 'கிரில் குறைவதற்குத் திமிங்கலம் அழிந்ததே காரணமாக இருக்கலாமே' என்ற கேள்வியை எழுப்பினார். அவரும் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் வாஜிஹ் நக்வி அவர்களும் தலைமை தாங்க, 2009ஆம் ஆண்டு இந்திய, ஜெர்மானிய அறிஞர்கள் 'போலார்ஸ்டெர்ன்' என்ற கப்பலில் தென்கடலுக்குச் சென்றார்கள். 'லோஹாஃபெக்ஸ்' என்பது அந்தச் சோதனையின் பெயர். லோஹா என்றால் இந்தியில் இரும்பு. சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைக் கரைத்து விட்டார்கள். பாசி பெருகியது. ஆனால் எதிர்பார்த்த டயாட்டம் வகை பெருகவில்லை, ஏனெனில் அதன் கூட்டுக்குத் தேவையான சிலிக்கா அந்த நீரில் தீர்ந்திருந்தது. வளர்ந்த சின்னப் பாசியை வேறு சிற்றுயிர்கள் மேய்ந்துவிட்டன. கரியமில வாயுவை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடலாம் என்ற நம்பிக்கையும் அங்கே பெரிதாகப் பலிக்கவில்லை. மூட்டை உரத்துக்கும் கிடைக்கும் உள்ள வித்தியாசம் நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதானே!

இதெல்லாம் எங்கோ துருவத்தில் நடப்பது என்று நினைத்துவிட வேண்டாம். 2003ஆம் ஆண்டு, இலங்கைக்கு அருகே ஆய்வுக் கப்பலில் இருந்த ஆஷா டி வோஸ் என்ற இளம்பெண், நீலத் திமிங்கலங்கள் கூடியிருந்த இடத்தில் சிவந்த கழிவு மிதப்பதைக் கண்டார். இவை குளிர்க்கடலில்தான் உண்ணும், வெப்பக் கடலுக்குக் குட்டி ஈனவே வரும் என்பது அதுவரை பாடநூல் சொன்ன செய்தி. கழிவு இருந்தால் உணவும் இருக்க வேண்டுமே! இந்தத் திமிங்கலங்கள் துருவத்துக்குப் போகாமல் இந்தியப் பெருங்கடலின் வடபகுதியிலேயே தங்கி உண்பவை என்பது பின்னர் தெளிவாயிற்று. அவற்றின் கழிவை ஆராய்ந்தபோது, உணவு கிரில் அல்ல, பெரும்பாலும் கூனி இறாலின் இனத்தைச் சேர்ந்த சிறு இறால்கள் என்று தெரிந்தது. இலங்கையின் தென்கரையில் ஆழத்துச் சத்துகளை மேலே கொண்டுவருவதில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் பங்குண்டு. குற்றாலத்தில் சாரலைத் தெளித்து, செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து, நம் பகுதியின் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றும் அதுவே.

(2016 ஜனவரியில் மணப்பாடு கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியது நினைவிருக்கும். அவை பல்லுள்ள வேறு இனம். கணவாய் மீன்களை வேட்டையாடுபவை.)

நம் கடலின் நீலத் திமிங்கலங்களும் தப்பவில்லை. 1960களில் சோவியத் கப்பல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் கொன்றன. இன்று ஈட்டி இல்லை, கப்பல் மோதல் இருக்கிறது. இலங்கையின் தென்முனையை ஒட்டிச் செல்லும் கப்பல் வழி, அவை மேயும் இடத்தின் ஊடாகவே போகிறது. 2022ஆம் ஆண்டு எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது.

தென்துருவத்தில் வணிக வேட்டை நின்றபின் திமிங்கலங்கள் மெல்லத் திரும்பி வருகின்றன. 2022 ஜனவரியில் தெற்கு ஆர்க்னி தீவுகளுக்கு அருகே, துடுப்புத் திமிங்கலங்கள் ஏறத்தாழ ஆயிரம் ஒரே இடத்தில் கிரில் உண்பதைக் கண்டார்கள். அதே கூட்டத்தின் நடுவே கிரில் பிடிக்கும் இழுவைக் கப்பல்கள் நான்கும் வலையிழுத்துக்கொண்டிருந்தன. பிடிபடும் கிரில் பெரும்பாலும் வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாகவும், மருந்துக்கடைகளில் விற்கும் எண்ணெய் மாத்திரையாகவும் ஆகிறது.

அண்டார்க்டிக் கடல் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் அட்லாண்டிக் பகுதிக்கு ஆண்டுக்கு 6,20,000 டன் என்று வரம்பு வைத்துள்ளது. அந்த அளவையும் ஒரே இடத்தில் பிடிக்காமல் பிரித்துப் பிடிக்க வேண்டும் என்ற விதி 2024ஆம் ஆண்டு காலாவதியானது. நாடுகளிடையே உடன்பாடு ஏற்படாததே காரணம். அடுத்த பருவத்தில், 2025 ஆகஸ்ட் தொடங்கியபோதே வரம்பு முழுவதும் தீர்ந்துவிட்டது. இவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை. மீன்பிடிப்பை உரிய காலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் கூடுகிற அந்த ஆணையத்தில் எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் முடிவாகும். இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு.