காஸ்மாஸ்: இளைத்த மண்ணும் நீண்ட இரவும்

காஸ்மாஸ் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து, சோம்புச் செடியினுடையதைப் போன்ற மெல்லிய இலைகளால் அடர்ந்து நின்றும் பூக்காமல் போகுமானால், அதற்குக் காரணம் பெரும்பாலும் கவனிப்பின் குறைவன்று, மிகுதியே. மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட இச்செடி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் அரசுத் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்த செடிகளை ஆராய்ந்த கவனில்லெஸ் என்னும் தாவரவியலாளர், 1791-இல் இதனைத் தனிப் பேரினமாக வகுத்து விவரித்தார். இளஞ்சிவப்பு, வெள்ளை, கருஞ்சிவப்பு நிறங்களில் பூப்பது ஓர் இனம். நம் ஊர்ச் சாலையோரங்களிலும் தானாக முளைத்துக் காணப்படும் மஞ்சள், ஆரஞ்சு நிறக் காஸ்மாஸ் மற்றோர் இனம்.

வளம் குன்றிய மண்ணிலும் வளரப் பழகிய செடிக்குத் தொழு எருவும் யூரியாவும் தாராளமாக இடப்படும்போது, தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் மிகுந்து, தண்டும் இலையும் கொழுக்க, மொட்டு வைப்பது தள்ளிப்போகிறது. அவ்வாறு கொழுத்த தண்டு உள்ளே வலுவின்றி இருப்பதால் ஒரு மழைக்கே சாய்ந்தும் விடுகிறது. ஆகவே, நீர் தேங்காத சாதாரணத் தோட்ட மண்ணே இதற்குப் போதுமானது. தொட்டியில் வளர்ப்போர் கடையில் விற்கும் சத்தூட்டிய மண்கலவையுடன் பாதியளவு மணல் கலப்பது நல்லது.

உரத்தைக் காட்டிலும் சுவையான செய்தி இரவின் நீளம் பற்றியது. பகல் சுருங்கி இரவு நீளும்போது விரைந்து பூக்கும் தாவரங்களைக் குறும்பகல் தாவரங்கள் என்பர்; செவ்வந்தியைப் போலவே காஸ்மாஸும் அவ்வகையது. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி, பகல் ஒளியில் ஒரு வடிவத்துக்கும் இருளில் மெல்ல மற்றொரு வடிவத்துக்கும் மாறுவதால், இருள் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைச் செடி உணர முடிகிறது. ஒளிக்கால உணர்வு என்னும் இக்கருத்தை 1920-இல் முன்வைத்த அமெரிக்க வேளாண் துறை அறிஞர்களான கார்னரும் அலார்டும், அதன் பின்னர் மஞ்சள் காஸ்மாஸ் செடியின் ஒரு பகுதிக்குக் குறும்பகலும் மற்றொரு பகுதிக்கு நெடும்பகலும் அளித்துப் பார்த்தபோது, ஒரே வேரில் நின்ற செடியில் குறும்பகல் பெற்ற பகுதி மட்டும் பூத்தது. கோடையில் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும் இங்கிலாந்தில் சில வகைகள் காலந்தாழ்த்திப் பூப்பதற்கு இதுவே காரணம். சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. எனவே இங்கு பூக்காத செடிக்குப் பகல் நீளத்தைக் குறை கூற வழியில்லை, இரவு முழுதும் அதன்மீது தெருவிளக்கு எரிந்தாலொழிய.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி, வெயில் நன்றாக விழும் இடத்தில் ஈரம் காத்தால், ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் முளைக்கும். நாற்றுகளை ஓரடி இடைவெளி விட்டுக் கலைத்து, முழங்கால் உயரத்தை எட்டுமுன் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். வாடிய பூக்களை அவ்வப்போது கொய்து வந்தால், செடி தன் சத்தை விதைக்குச் செலவிடாமல் புது மொட்டுகளுக்குத் திருப்பும். அசுவினியும் சாம்பல் நோயும் நெருக்கமாக நட்ட பாத்திகளிலேயே மிகுதி.

ஒரு பூ என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் பல சிறுமலர்களின் தொகுதி. விளிம்பில் இதழ்களாகத் தோன்றும் எட்டும் வண்டுகளையும் தேனீக்களையும் அழைப்பதற்கான மலட்டு மலர்கள். நடுவிலுள்ள மஞ்சள் வட்டமே விதை தரும் மலர்களின் கூட்டம். உருப்பெருக்கியில் நோக்கினால், அவை வெளி வரிசையிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு வட்டமாக விரிவதையும், மகரந்தப்பைகள் ஒட்டி உருவான குழலுக்குள்ளிருந்து சூல்தண்டு மேலெழும்போது மகரந்தத்தை வெளியே தள்ளுவதையும், அதன் பின்னரே சூல்முடி இரண்டாகப் பிளந்து விரிவதையும் காணலாம்.

இளஞ்சிவப்புக் காஸ்மாஸ் தன் மகரந்தத்தையே ஏற்றுக் கருவுறுவதில்லை. ஆதலால் தனித்து நிற்கும் ஒரு தொட்டிச் செடியிலிருந்து நல்ல விதையை எதிர்பார்ப்பது வீண். பல நிறங்களைச் சேர்த்து நட்ட பாத்தியின் விதையோ கலந்த நிறங்களையே தரும். இப்பண்பின் விளைவை சாக்லேட் மணம் வீசும் கருஞ்சிவப்பு மெக்சிகோ இனத்தில் தெளிவாகக் காணலாம். தோட்டங்களில் நெடுங்காலம் பரவியிருந்த செடிகள் யாவும் ஒரே தாய்ச் செடியின் படிகளாக இருந்தமையால், அவை ஒன்றையொன்று கருவுறச் செய்ய இயலாமல் போயிற்று. தோட்டக்காரர்கள் அதன் கிழங்கைப் பிரித்து நட்டும், ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கியும் காத்து வந்துள்ளனர்.