குராசோ: ஷார்ட்ஸ்டாப்கள் விளையும் தீவு

பேஸ்பாலின் பிறப்பிடமாக அமெரிக்க ஐக்கிய நாடுகளும், அதைத் தம் விளையாட்டாகவே ஆக்கிக்கொண்ட நாடுகளாக கியூபா, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, ஜப்பான், தென்கொரியா ஆகியவையும் வழக்கமாகச் சுட்டப்படுகின்றன. இந்த வரிசையில் பெரும்பாலும் இடம்பெறாத குராசோ, வெனிசுவேலாவின் கரைக்கு ஏறத்தாழ 65 கி.மீ. வடக்கே கரீபியன் கடலில் கிடக்கும் 444 சதுர கி.மீ. பரப்புள்ள தீவு; அதன் மக்கள்தொகை ஒன்றரை இலட்சம் அளவே. நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்டு 2010 முதல் தன்னாட்சி பெற்ற நாடாக விளங்கும் இத்தீவு, அமெரிக்காவின் தலையாய தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கிற்குத் தொடர்ந்து ஆட்டக்காரர்களை அளித்துவருவதும், அவர்களுள் பலர் ஆடுகளத்தின் மிகக் கடினமான ஓரிடத்தில் தேர்ந்தவர்களாக இருப்பதும் ஆராயத்தக்கவை.

அந்த இடத்தின் பெயர் ஷார்ட்ஸ்டாப். பேஸ்பால் களத்தின் உட்பகுதி, பக்கத்துக்கு 90 அடி நீளமுள்ள ஒரு சதுரம். அதன் ஒரு மூலையில் பந்தை அடிக்கும் பேட்டர் நிற்க, 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து பிட்சர் எனப்படும் எறிவாளர் பந்தைத் தரையில் குத்தாமல் நேராக எறிகிறார். மற்ற மூன்று மூலைகளும் முதல், இரண்டாம், மூன்றாம் தளங்கள். அடித்த பேட்டர் இவற்றை வரிசையாகச் சுற்றித் தொடங்கிய மூலைக்கே மீண்டால் ஓர் ஓட்டம் சேரும். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையில் நிற்பவரே ஷார்ட்ஸ்டாப். வலக்கைப் பேட்டர்கள் ஓங்கி அடிக்கும் பந்து இயல்பாக அந்தப் பக்கமே உருண்டு வருவதால், களத்தடுப்பின் பெரும் சுமை அவர் மேல் விழுகிறது. வலக்கைப் பேட்டர் ஒருவர் அடித்துவிட்டு முதல் தளத்தை ஓடியடைய ஏறத்தாழ நாலேகால் விநாடியே எடுத்துக்கொள்கிறார்; அதற்குள் ஷார்ட்ஸ்டாப் பந்தின் போக்கைக் கணித்து, பக்கவாட்டில் பாய்ந்து, குனிந்து கையுறையில் வாங்கி, அதிலிருந்து வெறுங்கைக்கு மாற்றி, நூறு அடிக்கும் மேற்பட்ட தூரத்தைக் கடந்து முதல் தளத்துக்கு எறிந்தாக வேண்டும். மாற்றும் அந்தக் கணத்தில் பந்து விரல்களில் சரியாக அமையாவிட்டால் பேட்டர் பிழைத்துக்கொள்வார்.

குராசோ மழை குறைந்த, கள்ளி மண்டிய, கல்லும் கரடுமான நிலம். அங்குள்ள சிறுவர்கள் புல் வளர்த்த மைதானங்களில் அல்லாமல் காய்ந்த மண்தரையிலேயே பெரிதும் ஆடிப் பழகியவர்கள். எந்தக் கல்லில் பட்டுப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத தரையில் வளர்ந்ததாலேயே தங்கள் கைகள் தேறின என்று அத்தீவின் ஆட்டக்காரர் பலரும் கூறிவந்துள்ளனர். அவர்களுள் ஆண்ட்ரெல்டன் சிமன்ஸ் சிறந்த சான்று. மணிக்கு 95 மைலைத் தாண்டும் வேகத்தில் எறியவல்ல அவரை எறிவாளராக்கவே சில அணிகள் விரும்பின. அவரோ ஷார்ட்ஸ்டாப்பாகவே ஆட முனைந்து, 2012-இல் மேஜர் லீக்கில் அறிமுகமாகி, களத்தடுப்புக்கு வழங்கப்படும் தங்கக் கையுறை விருதை நான்கு முறை வென்றார்.

எனினும் கரட்டுத் தரை ஒன்றே காரணம் என்பது போதிய விளக்கம் ஆகாது. வறண்ட நிலம் உலகில் பல இடங்களில் உண்டு, ஷார்ட்ஸ்டாப்கள் அங்கெல்லாம் தோன்றிவிடவில்லை. அண்டையிலுள்ள வெனிசுவேலா, லூயிஸ் அப்பாரிசியோ தொடங்கி ஓமர் விஸ்கேல் வரை இதே இடத்தின் மேதைகளை ஈன்ற நாடு என்பதையும், பேஸ்பால் அங்கு அன்றாட வாழ்வோடு கலந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இவற்றைவிட வலிய காரணம், கண்முன் வாழ்ந்து காட்டிய முன்னோடிகள்.

குராசோவிலிருந்து மேஜர் லீக்கை அடைந்த முதல்வர் ஹென்ஸ்லி மியூலன்ஸ். 1989-இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஆடினார். தீவின் தாய்மொழியான பாப்பியமெந்துவோடு டச்சு, ஆங்கிலம், ஸ்பானியம் ஆகியவற்றையும் அத்தீவினர் பலரைப் போல அறிந்திருந்த அவர், பின்னர் ஜப்பானில் ஆடி அம்மொழியையும் கற்றார். பல நாட்டவர் கலந்த அணியறையில் அத்தகைய பன்மொழிப் புலமை எவ்வளவு பயன்படும் என்பதை, சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி 2010, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றபோது அவர் அதன் பேட்டிங் பயிற்சியாளராக இருந்தது காட்டுகிறது. ஆயினும் தீவின் சிறுவர்களை மைதானத்துக்கு ஈர்த்த நிகழ்ச்சி 1996 அக்டோபரில் நடந்தது. மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்கு ஆடிய குராசோவின் ஆண்ட்ரூ ஜோன்ஸ் தாம் பேட்டைப் பிடித்த முதல் இரு முறையும் ஹோம் ரன் அடித்தார். ஹோம் ரன் என்பது பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பித் தளங்கள் அனைத்தையும் தடையின்றிச் சுற்றிவரும் அடி. அப்போது அவருக்கு வயது 19. உலகத் தொடரில் ஹோம் ரன் அடித்த மிக இளையவர் என்று மிக்கி மேன்டில் பெற்றிருந்த பெருமை அன்று அவரிடம் வந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2004-இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சிறுவர்களுக்காக நடத்தப்படும் லிட்டில் லீக் உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில், குராசோவின் பாபாவ் அணி கலிபோர்னியச் சிறுவர்களை 5-2 என வென்றது. அந்த அணியில் ஆடிய ஜுரிக்சன் புரோஃபாரும் ஜொனாதன் ஸ்கோப்பும் பிற்காலத்தில் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் ஆயினர். ஒரு சிறு நகர அளவிலான தீவுக்கு இது தற்செயலாகக் கிடைத்த பேறு அன்று. ஜோன்ஸின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை பருவத்துக்கு வந்ததன் அடையாளம்.

தீவினர் டச்சுக் குடிமக்கள் ஆதலால் உலக பேஸ்பால் கிளாசிக் என்னும் பன்னாட்டுப் போட்டியில் நெதர்லாந்து அணிக்கே ஆடுகின்றனர். அதன் 2009-ஆம் ஆண்டுப் போட்டியில், மேஜர் லீக் நட்சத்திரங்கள் நிறைந்த டொமினிக்கன் அணியை நெதர்லாந்து இருமுறை வீழ்த்தி வெளியேற்றியது. முதல் ஆட்டத்தின் கடைசிச் சுற்றில், மூன்றாம் தளத்தைத் திருட முயன்ற, அதாவது அடி விழாமலே அடுத்த தளத்துக்கு ஓட முயன்ற, வில்லி டவேராஸைப் பேட்டருக்குப் பின்னால் அமர்ந்திருந்த கேட்சர் தம் எறிதலால் ஆட்டமிழக்கச் செய்தார். அந்தக் கேட்சர் குராசோவின் கென்லி ஜான்சன். அதே ஆண்டில் அவரது அமெரிக்க அணி நிர்வாகம் அவரை எறிவாளராக மாற்றியது. பின்னாளில், முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைப்பதற்குரிய 'சேவ்' என்னும் கணக்கில் 400-ஐக் கடந்த மிகச் சிலருள் அவரும் ஒருவரானார்.

மியூலன்ஸின் தலைமைப் பயிற்சியில் நெதர்லாந்து அணி 2013, 2017 ஆகிய இரு போட்டிகளிலும் அரையிறுதி வரை முன்னேறியது. 2017-இல் அந்த அணிக்குச் சிமன்ஸோடு, அருபாத் தீவின் சான்டர் போகார்ட்ஸ், குராசோவில் வளர்ந்த டிடி கிரிகோரியஸ் எனத் தேர்ந்த ஷார்ட்ஸ்டாப்கள் ஒரே வேளையில் வாய்த்திருந்தனர். ஆதலால் சிமன்ஸ் அவ்விடத்தில் நிற்க, போகார்ட்ஸ் மூன்றாம் தளத்துக்கு நகர, ஷார்ட்ஸ்டாப்பாக வளர்ந்த புரோஃபார் வெளிக்களத்தின் நடுவில் நிறுத்தப்பட்டார். பெரிய நாடுகளே ஒருவரைத் தேடி அலையும் இடத்துக்கு இங்கே இடம்தான் பற்றாக்குறையாயிற்று.

பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் வாசகர்கள், எறிவாளரையும் பேட்டரையும் மட்டுமே நோக்காமல், பந்து எறியப்படுவதற்குச் சற்று முன்பு முன்பாதங்களில் எடையேற்றி, முழங்கால் மடக்கி நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பைச் சில சுற்றுகளுக்கேனும் கவனிக்க வேண்டும். குராசோ இவ்விளையாட்டுக்கு வழங்கியிருப்பதன் மதிப்பு அவ்வாறு பார்க்கும்போதுதான் விளங்கும்.