பலிபீடத்தின் பக்கத்து அறை

பூஜைப் பாத்திரங்களும் வஸ்திரங்களும் பேணப்படும் திருப்பண்ட அறையைத் தேவாலயத்தின் உக்கிராண அறை என்று எண்ணி அலட்சியம் செய்வது சாதாரண வழக்கமாயினும், கீழைத் திருச்சபைகளின் வழிபாட்டு முறை எவ்வாறு மாறிவந்தது என்பதை அவ்வறை அறிவிக்கும் அளவுக்கு விண்ணளாவிய குவிமாடங்களும் அறிவிப்பதில்லை என்பதே என் கருத்து.

சிரியாவில் 380-ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட 'அப்போஸ்தலர் விதித்தொகை' என்னும் நூல், ஆலயம் கிழக்கு நோக்கி நீண்டு, கீழ்ப்புறத்தில் இருமருங்கும் அறைகள் கொண்டு விளங்க வேண்டும் என்று விதிப்பதோடு, நற்கருணையில் எஞ்சியதைத் திருத்தொண்டர்கள் அங்கே எடுத்துச் செல்லவேண்டும் என்றும் கூறுகிறது. இத்தாலியின் நோலா நகரில் ஆலயம் எழுப்பிய பாலினஸ், பீடத்தின் ஒரு பக்கத்து அறையைப் பூஜைத் திரவியங்களுக்கும், மறுபக்கத்து அறையை வேதநூல்களைப் படித்துத் தியானிப்போருக்கும் ஒதுக்கினார். லவோதிக்கேயா சங்கமோ, உபதிருத்தொண்டர்களுக்குத் திருப்பண்ட அறையில் இடமுமில்லை, பாத்திரங்களைத் தொடும் உரிமையுமில்லை என்று கண்டிப்பாக விதித்தது.

ஆனால் கான்ஸ்டான்டினோப்பிளின் ஹாகியா சோஃபியாவில் நிலைமை வேறு. ஜஸ்டினியன் சக்கரவர்த்தி 537-இல் கட்டிமுடித்த அம்மகா ஆலயத்தில் பீடத்தையொட்டி அத்தகைய அறைகள் இல்லை. வடகீழ் மூலையில், ஆலயத்தினின்று விலகி நிற்கும் வட்டக் கட்டடமே பண்டகசாலையாயிருந்தது. அந்நகரின் பேராயர் யோவான் கிறிசோஸ்தோம் நாடுகடத்தப்பட்ட 404-ஆம் ஆண்டில் பழைய ஆலயம் தீக்கிரையானபோது, அதன் பண்டகசாலை மட்டும் பொற்பாத்திரங்களுடன் தப்பியது என்று அக்காலத்தவராகிய பல்லாடியஸ் எழுதியிருக்கிறார். தனித்து நின்றதன் பயன் அது. மக்கள் காணிக்கையாகக் கொணர்ந்த அப்பத்தையும் திராட்சரசத்தையும் அங்கே பெற்றுக்கொண்ட திருத்தொண்டர்கள், உரிய வேளையில் வெளிமுற்றத்தைக் கடந்து, ஜனத்திரளின் நடுவே அவற்றைப் பீடத்துக்கு ஏந்திவந்தனர். அதுவே 'பெரும் பிரவேசம்' எனப்படும் பவனி. அதற்கெனக் கெருபீன்களின் கீதம் இரண்டாம் ஜஸ்டின் சக்கரவர்த்தியின் காலத்தில் சேர்க்கப்பட்டது.

பிற்காலத்தில் ஆலயங்கள் சிறுத்தன. காணிக்கைகளை ஆயத்தம் செய்யும் 'புரோதெசிஸ்' பீடத்தின் வடபுறத்திலும், பாத்திரங்களும் வஸ்திரங்களும் வைக்கும் 'தியாகொனிகோன்' தென்புறத்திலும் ஆலயத்துக்குள்ளேயே இடம்பெறவே, வெளியிலிருந்து வந்த பவனி வடவாசல் வழியாக வெளிப்பட்டு, மக்கள் முன் சிறிது வலம்வந்து, நடுவாசல் வழியாகப் பீடத்தை அடையும் சடங்காயிற்று. அப்பத்தை ஈட்டியால் அரிந்து ஆயத்தம் செய்யும் கிரியையும் திரைக்குப் பின்னால் மறைந்தது. இதில் பக்தியின் கம்பீரம் குறைந்ததென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் தம் கையால் கொடுத்த காணிக்கை தம் கண்முன்னே பீடம் ஏறுவதைக் காணும் உரிமையை மக்கள் பெரும்பாலும் இழந்தனர் என்பது மறுக்கமுடியாதது. கிரேக்க, ரஷ்ய ஆலயங்களில் இன்றும் நடப்பது அந்தச் சுருங்கிய பவனியே.