பாவனைப் பந்தயமும் அதன் மெய்ம்மையும்

கணிப்பொறித் திரையிலே ஓடும் மோட்டார்ப் பந்தயத்தை வெறும் பொழுதுபோக்கென்று கருதுவோர் நம்முள் பலர். அவ்விளையாட்டுகளுள் பெரும்பாலானவற்றிற்கு அக்கருத்துப் பொருந்துவதே. எனினும், மெய்யான வண்டி எவ்விதிகளுக்கு அடங்கி ஓடுகின்றதோ அவ்விதிகளையே கணக்கிட்டுக் காட்டும் வகையொன்று உண்டு. அதனைச் சிமுலேட்டர் என்பர். நாம் ஈண்டுப் பாவனைப் பந்தயம் என்போம். அதன் மெய்ம்மை எதில் அடங்கியுள்ளது, எவ்வெல்லைவரை செல்கின்றது என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

1998-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாப்பிரஸ் நிறுவனத்தார் ஆக்கிய ‘கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்’ இவ்வகைக்குத் தக்க உதாரணமாகும். அது 1967-ஆம் ஆண்டின் கிராண்ட் பிரி பந்தயங்களைப் பாவனை செய்கின்றது. காற்றின் விசையால் வண்டியைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் 1968-ஆம் ஆண்டிலேதான் அப்பந்தயங்களில் தோன்றின. ஆகவே 1967-இன் வண்டிகள், வலிமிக்க எஞ்சின் உடையனவாயினும், அத்துணையின்றியே ஓடின. அவற்றை இவ்விளையாட்டில் ஓட்டப் புகுவோர் முதல் வளைவிலேயே சுழன்று புல்தரையில் நிற்பது வழக்கம். இன்றைய கண்ணுக்கு அதன் சித்திரங்கள் மிக எளியன; ஆயினும் அறிந்தோர் அதனை இன்றும் போற்றுகின்றனர். படத்தின் அழகு வேறு, இயக்கத்தின் உண்மை வேறு என்பது இதனால் விளங்கும்.

இயக்கத்தின் உண்மை டயரில் தொடங்குகின்றது. டயருக்குத் தரைமீதுள்ள பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாத வருவாய் போன்றது. அதில் பிரேக்குக்கென்று பெரும் பகுதியைச் செலவிட்டால் திரும்புவதற்கு எஞ்சுவது சொற்பமே. ஆதலின் தேர்ந்த ஓட்டுநர் நேர்வழியில் வலுவாகப் பிரேக் அழுத்தி, வண்டி திரும்பத் திரும்ப அதனைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவர். மேலும், வேகம் குறையுங்கால் வண்டியின் பளு முன்சக்கரங்களின்மேல் சாய்கின்றது, பின்சக்கரங்கள் பிடிப்பிழக்கின்றன. வளைவின் நடுவே அஞ்சி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பவரின் வண்டி பின்புறம் வீசிச் சுழல்வது இக்காரணத்தாலேயாம். நல்ல சிமுலேட்டர் இவற்றையெல்லாம் ஒரு விநாடிக்குள் பன்முறை கணக்கிடுகின்றது.

இக்கணக்கு ஓட்டுவோரின் கைக்கும் காலுக்கும் எட்டாவிடில் பயனில்லை. விசைப்பலகையின் பொத்தானுக்கு அழுத்தம், விடுதலை என்னும் இரண்டு நிலைகளே உண்டு. அளவறிந்து பிரேக் பிடிக்க அதனால் இயலாது. இதற்கெனவே ஸ்டீயரிங் சக்கரமும் மிதிகளும் செய்யப்பட்டுள்ளன. அச்சக்கரத்தினுள் அமைந்த மோட்டார் டயரின் எதிர்விசையைக் கையில் உணர்த்துகின்றது. முன்டயர்கள் பிடிப்பை இழக்கத் தொடங்குகையில் சக்கரம் கையில் இலேசாகின்றது. கண்ணுக்குப் புலனாகுமுன் கை அறியும் எச்சரிக்கை இது. மிதி நகரும் தூரத்தைவிடக் காலின் அழுத்தத்தை அளக்கும் பிரேக்கே மெய் வண்டியை ஒத்தது. கையிலுள்ள சக்கரமும் திரையிலுள்ள சக்கரமும் ஒரே கோணம் திரும்புமாறு அமைத்துக்கொள்ளுதல் தொடக்கத்திலேயே செய்யத்தக்கது.

அடுத்தது, வீணைக்குச் சுருதி சேர்ப்பதுபோல் வண்டியைப் பாதைக்கேற்ப இசைவித்தல். டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூவிடத்து வெப்பத்தையும் பார்த்தல் வேண்டும். நடுப்பகுதி மட்டும் மிகச் சூடேறின் காற்று அதிகம். இரு விளிம்புகளும் மிகச் சூடேறின் காற்று குறைவு. முன்சக்கரங்கள் வழுக்கி வண்டி வளைவுக்கு வெளியே செல்லுமாயின், சாய்வைத் தடுக்கும் முன்கம்பியின் இறுக்கத்தைச் சிறிது குறைக்கலாம். அவ்வாறு குறைத்தால் முன்புறம் பிடிக்கும். பின்புறமோ முன்னினும் எளிதில் வழுக்கும். விலை கொடாமல் பெறும் நன்மை இங்கே ஒன்றுமில்லை. ஆகவே ஒருகால் ஒரு மாற்றமே செய்து, சில சுற்றுகள் ஓட்டி, விளைவைக் குறித்துக்கொள்ளுதல் முறை. மிகை வேகத்தோடு வளைவிற் புகுவோர் தம் பிழையை விட்டு ஸ்பிரிங்கைத் திருத்தப் புகுவது வீண் பிரயாசை. சுற்றுக்குச் சுற்று ஒரே சீராக ஓட்டக் கற்றவருக்கே வண்டியின் குறை இன்னதென்று புலனாகும். நம் பௌதிக ஆய்வுக்கூடத்தில் கற்கும் ஒழுங்கும் இதுவேயன்றோ?

இங்ஙனம் கற்ற கல்வி மெய்ப்பாதையிலும் உதவுமோ எனின், உதவும். ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டு வீரருக்கென நடந்த ஜி.டி. அகாடமிப் போட்டியில் 2011-ஆம் ஆண்டு வென்ற மார்டன்பரோ என்னும் பிரிட்டிஷ் இளைஞர், பின்னர் மெய்யான வண்டியில் பயின்று, 2013-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் குழுவினரோடு தம் வகுப்பில் மூன்றாமிடம் பெற்றார்.

எனினும் பாவனைக்கு ஓர் எல்லை உண்டு. 1967-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் மொனாக்கோவில், லொரென்ஸோ பண்டினி என்னும் இத்தாலிய வீரரின் பெராரி வண்டி தடம் மாறி மோதித் தீப்பற்றியது. மூன்று நாட்களில் அவர் உயிர் நீத்தார். அதே பாதையைப் பாவனையில் ஓட்டி மோதுபவர் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் புறப்படுகின்றார். விதிகளையெல்லாம் பிழையின்றிக் கணக்கிடும் பொறி, பிழையின் விலையை மாத்திரம் நம்மிடம் கேட்பதில்லை. அஞ்சாது பன்முறை தவறிக் கற்பதற்கு அதுவே பெருந்துணை. ஆனால் அங்கே பெற்ற துணிவை அப்படியே பொதுச்சாலைக்குக் கொண்டுவருதல் பேதைமையாகும். கையின் தேர்ச்சியைப் பாவனையில் பெறுவோமாக. சாலையில் உடன் செல்வோரின் உயிரை எண்ணி ஓட்டும் நிதானத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்வோமாக.