குடும்பமாகச் சேர்ந்து ஓர் இணையத்தளம்

அநேகமாக எல்லா லயத்திலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே பிறப்புச் சான்றிதழ், பழைய ஃபோட்டோ, தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், அக்கரையில் இருந்து வந்த கடிதம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிப் பேர் இந்தியாவுக்கும் பாதிப் பேர் இங்கேயுமாகப் பிரிந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் நிறைய. கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இங்குள்ள அப்பாயியின் முகங்கூடத் தெரியாது.

அவர்களும் பார்க்கும்படி குடும்பத்துக்கென்று ஓர் இணையத்தளம் செய்து வைக்கலாம். "அதெல்லாம் படிச்சவங்க வேலைங்க ஐயா" என்று எங்களிடம் சொல்கிறவர்கள் உண்டு. கூகுள் சைட்ஸ் என்ற வசதி 2008ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. காசு கேட்பதில்லை, புரோகிராம் எழுதவும் தேவையில்லை. ஃபோனில் ஜிமெயில் வைத்திருந்தால் அந்தக் கணக்கே போதும். திரையின் ஒரு பக்கத்தில் எழுத்துப் பெட்டி, படம் என்று வரிசையாக இருக்கும். வேண்டியதை அமத்தி, வேண்டிய இடத்துக்கு இழுத்து வைத்தால் சரி. செய்தது தானாகவே சேமிக்கப்படும். வெளியிடும் பொத்தானை அமத்தும் வரை வெளியாருக்குத் தெரியாது. பார்ப்பதற்கு ஃபோன் போதும். செய்வதற்குக் கணனிதான் வசதி. கடைக் கணனியில் செய்தால், எழும்பும் முன் கணக்கிலிருந்து வெளியேற மறக்க வேண்டாம்.

ஆனால் முதலில் வேண்டியது கணனி அல்ல, ஒரு கொப்பி. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து, என்னென்ன பக்கம் வேண்டும் என்று எழுதுங்கள். யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த டிவிஷனில் வேலை செய்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள். இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்பாயிக்குத்தான் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஃபோனில் தமிழைத் தெரிவு செய்து, மைக் படத்தை அமத்திவிட்டுப் பேசச் சொன்னால் எழுத்தாக வரும். பிழைகள் வரும்; அதைப் பெரிய பிள்ளை திருத்தட்டும். பழைய ஃபோட்டோவை வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். படத்தில் யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுதுவது அம்மாவின் வேலை. இதைத் தள்ளிப்போட்டால் பிறகு சொல்ல ஆள் இருக்காது.

கடையில் கொடுத்து டைப் செய்வதென்றால் 'யுனிகோட்' என்று கேட்டு வாங்குங்கள். பாமினி எழுத்தில் அடித்ததை இணையத்தில் போட்டால் மற்றவர் ஃபோனில் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒரு வீட்டில் ஆறு பக்கத்தை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

இனி எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தில் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தைப் பெருமையாகப் போட ஆசைப்பட்டார்கள். நியாயமான ஆசைதான். அந்தப் பத்திரத்துக்காகப் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அது கிடைக்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர்! நாங்களே படம் எடுத்துக் கொடுத்தோம். இலக்கம், பிறந்த திகதி, பக்கத்திலேயே ஃபோன் நம்பர், எல்லாம் தெளிவாக. சில வாரத்தில் யாரோ அழைத்து, தாத்தாவின் பேரைச் சரியாகச் சொல்லி, ஃபோனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்டார்களாம். மருமகள் சுதாரித்து வைத்துவிட்டார். அந்த ஆளுக்கு விவரம் எங்கிருந்து போனதென்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் படத்தை அன்றே எடுத்தோம். அதற்குள் யாராவது பிரதி எடுத்திருந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே அடையாள அட்டை, பத்திர இலக்கம், வங்கிப் புத்தகம், ஃபோன் நம்பர், பாடசாலைப் பெயர் தெரியும் பிள்ளைகளின் படம், இவை வேண்டாம். பத்திரத்தைக் காட்டியே தீர வேண்டுமென்றால் இலக்கத்தின் மேல் கடதாசித் துண்டு வைத்துப் படம் எடுங்கள். வெளியிடும்போது யார் யார் பார்க்கலாம் என்று கேட்கும் இடமுண்டு. சொந்தக்காரரின் ஈமெயிலை மட்டும் அதில் கொடுக்கலாம்.

இன்னொன்று. கணக்கு மகன் பேரில் மட்டும் இருந்து, அவர் கொழும்புக்கு வேலைக்குப் போய், பாஸ்வேர்டும் மறந்துவிட்டால் தளத்தைத் திருத்த வீட்டில் ஆளில்லை. திருத்தும் உரிமையை இன்னொருவர் கணக்குக்கும் கொடுங்கள். பாஸ்வேர்டை எழுதி அந்தத் தகரப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், சாவி அம்மாவிடம் இருக்கட்டும்.