கலப்பிசை ஆல்பத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது எப்படி?

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-ல் வந்தது. பாட்டு கிடையாது, முழுக்க வாத்திய இசை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பிக்கப்பட்ட ஆல்பம். அதைப் பற்றி ரசிகர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரம் மூன்றாகப் பிரிந்துவிடும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர் கமகம் போதவில்லை என்பார். மேற்கத்திய செவ்வியல் இசையில் ஊறியவர் ஹார்மனி இன்னும் தாராளமாக இருந்திருக்கலாம் என்பார். சினிமாப் பாட்டில் திளைத்தவருக்கோ முணுமுணுக்க ஒரு மெட்டு சிக்கவில்லையே என்ற குறை. மூன்று பேரும் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் சொன்னதை வைத்து இன்னொருவர் எதையும் புதிதாகக் கேட்க முடிவதில்லை.

இதற்குக் காரணம் இசையின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. ராகம் சட்ஜத்தை விட்டு நகராது. தம்புரா அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மற்ற சுரங்கள் பக்கத்துச் சுரத்தைத் தொட்டு, அசைந்து, இழைந்து வரும்; அதுதான் கமகம். ஹார்மனி அப்படியல்ல. அதில் மூன்று நான்கு சுரங்கள் ஒரே நேரத்தில், ஒரு கார்டாக (chord) ஒலிக்கின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே இசையில் வைத்தால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஒன்று கமகம் அடங்கும், இல்லாவிட்டால் கார்டுகள் ஒதுங்கி வழிவிடும். எந்த இடத்தில் எது விட்டுக்கொடுத்தது என்று பிடிப்பதில்தான் கலப்பிசை கேட்கும் சுகமே இருக்கிறது. சக ரசிகரிடம் சொல்ல வேண்டியதும் அதைத்தான்.

‘ஹவ் டு நேம் இட்’டில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற இசைத்தொகுப்பின் முன்னிசையை எடுத்துக்கொண்டு, அதன் மேல் ராஜா தன் சுரவரிசைகளை இழைத்திருக்கிறார். மூலத்தில் ஒரே ஒரு வயலின், மூச்சு விடாமல் ஓடும் சுரங்கள், பக்கவாத்தியம் எதுவும் இல்லை. முதலில் அந்த மூலத்தைக் கேளுங்கள். நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ராஜாவுடையதைக் கேளுங்கள். பாக் எழுதியது எது, ராஜா சேர்த்தது எது என்று காது தானாகவே பிரித்துக் காட்டும். அதன் பிறகு “பிரமாதம்” என்று மட்டும் சொல்லி நிறுத்த மனம் வராது. “ஓடுகிற வயலின் பாக்குடையது, மேலே வந்து சேரும் வயலின்கள் ராஜாவுடையவை, அவை நுழையும் இடத்தைக் கவனியுங்கள்” என்று எழுதத் தோன்றும். நிமிடம், விநாடியையும் சேர்த்துக் குறித்துவிட்டால் படிப்பவர் நேராக அங்கே போய்க் கேட்டுவிடுவார்.

பாக் எழுதியதில் இன்னொருவர் கை வைக்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. இதே முன்னிசையை பாக்கே 1731-ல் ஆர்கனுக்கும் இசைக்குழுவுக்குமாக மாற்றி எழுதி, கான்டாட்டா என்ற குரலிசைப் படைப்பு ஒன்றின் தொடக்கத்தில் வைத்திருக்கிறார். அந்த வடிவத்தையும் கேட்டவர்கள் பேசினால் “புனிதம் கெட்டது” என்ற பேச்சு எடுபடாது. பாக் சேர்த்தது பொருந்தியதா, ராஜா சேர்த்தது பொருந்தியதா என்று பேச்சு உருப்படியான பக்கம் திரும்பும்.

உங்கள் கருத்தோடு இரண்டு தகவல்கள் சேர்ந்தே போக வேண்டும். உங்கள் காது எதில் பழகியது என்பது ஒன்று. “நான் ஜாஸ் அதிகம் கேட்டதில்லை” என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, படிப்பவருக்கு உங்கள் கருத்தை எடைபோட அது உதவும். எதில் கேட்டீர்கள் என்பது மற்றொன்று. செல்போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் காணாமல் போய்விடும். கடத்தை வயிற்றோடு அணைத்து வாசிக்கும்போது எழும் கும்மென்ற அடிநாதம் அதில் வராது, வெறும் டக்டக் சத்தம்தான் மிஞ்சும். அப்படிக் கேட்டுவிட்டுத் தாளம் மெலிந்திருக்கிறது என்று எழுதினால் வாசித்த கலைஞருக்கு அநியாயம் செய்தவராவீர்கள்.

கடம் என்றதும் விக்கு விநாயக்ராமும், அவரோடு ‘ஷக்தி’ குழுவும் நினைவுக்கு வந்தாக வேண்டும். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுதாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரிதான் அவர்களுடைய முதல் ஆல்பம், 1976-ல் வெளிவந்தது. ஜான் மெக்லாஃப்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ஆர். ராகவன் மிருதங்கம், விநாயக்ராம் கடம். அதற்கு முன்பு மெக்லாஃப்லின் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ என்ற ஜாஸ்-ராக் குழுவில் மின்கிடாரை அதிரவிட்டுக்கொண்டிருந்தவர். அந்த ரசிகர்கள் இதைக் கேட்டுவிட்டு “இதில் ஜாஸ் எங்கே?” என்றால் ஆச்சரியமில்லை. டிரம் செட் இல்லை, பேஸ் இல்லை, பியானோ இல்லை. இங்கே விட்டுக்கொடுத்தது ஹார்மனி. கிடாரே உருமாறிப் போனது: ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இருந்த மரத்தைக் குடைந்தெடுத்தார்கள், கம்பியை இழுத்துக் கமகம் பேச வைக்க வேண்டுமென்பதற்காக. சுருதி சேர்ந்து ஒலிக்க ஏழு கம்பிகளைக் குறுக்கே கட்டினார்கள். மெக்லாஃப்லின் கர்நாடக இசை அறிஞர் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் என்பதும் தெரிந்தால், அந்தக் கிடார் ஏன் அப்படிக் குழைகிறது என்பது விளங்கிவிடும். இவ்வளவு தெரிந்த பிறகும் ஜாஸ் போதவில்லை என்று ஒருவர் சொன்னால் அது முழுக்க மதிக்க வேண்டிய கருத்து. அதற்கு நான் மறுப்பு எழுதமாட்டேன், எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று மட்டும் கேட்பேன்.

அந்த ஆல்பத்தில் மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலாவதே பதினெட்டு நிமிடம், கடைசி அதைவிட நீளம். ஷஃபிளில் போட்டுத் துண்டுதுண்டாகக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்லாதீர்கள். நடுவில் வரும் ‘லோட்டஸ் ஃபீட்’ சின்னது, சாந்தமானது. முன்னும் பின்னும் வேகம் இருப்பதால்தான் அது அப்படி நிற்கிறது.

இதே குழு 2023-ல் ‘திஸ் மொமென்ட்’ என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்து, 2024-ல் கிராமி விருதும் பெற்றது. மெக்லாஃப்லினும் ஜாகிர் உசேனும் தவிர மற்றவர்கள் புதியவர்கள். விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ். முதல் ஆல்பத்தில் பாடகர் இல்லை, இதில் சங்கர் மகாதேவன் பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். குரல் நுழைந்ததும் கிடார் எங்கே ஒதுங்குகிறது, எங்கே ஒதுங்க மறுக்கிறது என்று இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, உங்களோடு கேட்கும் நண்பருக்கு முதலில் அதை எழுதி அனுப்புங்கள். பிடித்ததா இல்லையா என்பதை அவர் அதைக் கேட்டுவிட்டுப் பதில் போட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம்.