கூச்சம் உயிரைவிடப் பெரிதா?

இன்றைய பேச்சைத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கேட்கிறார்களே, வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கிறாரே என்று எண்ணி வானொலியை அணைத்துவிடாதீர்கள். பெண்களின் மார்பகத்தில் வரும் நோயைப் பற்றி இன்று பேசப்போகிறோம். இது தாய்மார்கள் மட்டுமல்ல, கணவன்மாரும் வளர்ந்த பிள்ளைகளும் கேட்கவேண்டிய செய்தி.

நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்த சிறுமி ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் திடீரெனப் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டாள். காரணம் அறிய லயத்துக்குப் போனோம். அவளுடைய தாயார் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மார்பில் கட்டி ஒன்று இருப்பதை எட்டு மாதங்களாக அவர் அறிவார். ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. "வலி இல்லையே டீச்சர், தானாகக் கரைந்துவிடும் என்றிருந்தேன்" என்றார். அதற்குள் கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது.

எங்கள் மனத்தை இன்றும் உறுத்துவது வேறொன்று. அந்தத் தாயார் ஞாயிறுதோறும் ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர். "உடம்புக்குச் சுகமில்லை, ஜெபம் பண்ணுங்கள்" என்று கேட்டவர். நாங்களும் தலையில் கைவைத்து ஜெபித்தோம். உடம்புக்கு என்னம்மா என்று ஒருவராவது தனியே அழைத்துக் கேட்கவில்லை. பிறகு மருத்துவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஆயினும் அடுத்த கிறிஸ்துமஸை அவர் காணவில்லை.

இனி, இந்த நோய் என்ன என்பதைப் பார்ப்போம். நம் உடல் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிரணுக்களால் ஆனது. அவை அளவோடு பெருகி, அளவோடு அழிகின்றன. சில அணுக்கள் அந்த ஒழுங்கை மீறிப் பெருகத் தொடங்குவதே புற்றுநோய். செம்பனைக் காட்டில் முளைக்கும் லாலாங் புல்லை எண்ணிப் பாருங்கள். ஒரு குத்தாக இருக்கும்போது வேரோடு பிடுங்கிவிடலாம். விட்டுவிட்டால் மண்ணுக்கடியில் வேரோடி வேறிடங்களிலும் தலைகாட்டும். இந்த நோயும் அப்படித்தான். முதலில் மார்பில் இருக்கும். பிறகு அக்குளில் உள்ள நெறிகளுக்கும், அதற்கு மேல் எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றுக்கும் பரவும்.

மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்கே. 2012 முதல் 2016 வரையிலான கணக்கின்படி, புற்றுநோய் கண்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. தாமதத்தின் விலையைக் கேளுங்கள். 2007 முதல் 2011 வரை நோய் கண்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், முதல் நிலையில் கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்கு 87 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்ந்தார்கள். நான்காம் நிலையில் வந்தவர்களில் 23 பேரே அவ்வாறு வாழ்ந்தார்கள்.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள் இவை: மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி விழுதல், ஆரஞ்சுப் பழத்தோல் போல் தடித்தல், காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், காம்பைச் சுற்றி ஆறாத சிரங்கு, ஒரு மார்பின் வடிவம் மாறுதல். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. ஆகவே, வலிக்கவில்லை என்பதால் பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது. அதே வேளையில், கட்டி என்றாலே புற்றுநோய் என்று பதறவும் வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் தீங்கில்லாதவை. எது எப்படிப்பட்டது என்பதை மருத்துவரே சொல்ல முடியும்.

மாதம் ஒருமுறை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மாதவிலக்குத் தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் செய்வது நல்லது. விலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பள நாள் என்றால் மறக்காது! முதலில் கண்ணாடி முன் நின்று, கைகளைத் தொங்கவிட்டும், பிறகு தலைக்கு மேல் தூக்கியும் இரு பக்கமும் பாருங்கள். அடுத்து, குளிக்கும்போது சவர்க்காரம் போட்ட கையால், நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியை வைத்து, சிறு வட்டமாகத் தடவுங்கள். முதலில் மெதுவாகவும், பிறகு சற்று அழுத்தியும், பிறகு நன்றாக அழுத்தியும் பாருங்கள். கழுத்தெலும்பு முதல் மார்பின் அடிப்பகுதி வரை, நெஞ்செலும்பு முதல் அக்குள் வரை ஓரிடமும் விடக் கூடாது. உங்கள் உடம்பின் வழக்கமான நிலை தெரிந்திருந்தால், மாற்றம் வரும்போது உடனே புலப்படும்.

மாற்றம் தெரிந்தால் மறு சம்பளம் வரட்டும் என்று காத்திராதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால், பெண் மருத்துவரோ தாதியோ வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே மெமோகிராம் என்னும் ஊடுகதிர்ப் படமோ ஸ்கேனோ எடுப்பார்கள். ஊசியால் சிறு துணுக்கு எடுத்தும் சோதிப்பார்கள். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்பது வீண் பயம். 2013ஆம் ஆண்டில் சொக்சோ நிறுவனம், 40 வயதை எட்டிய உறுப்பினர்களுக்கு இலவசச் சுகாதாரப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண்களுக்கு அதில் மெமோகிராமும் சேர்ந்திருந்தது. உங்களுக்கு என்ன உரிமை உண்டு என்பதைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் கேட்டறியுங்கள். மருத்துவர் விடுப்புச் சான்றிதழ் கொடுத்தால், இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு பெறச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே நாள் சம்பளம் போய்விடுமே என்று அஞ்சவேண்டாம்.

கணவன்மாருக்கு ஒரு சொல். மனைவி இந்தச் செய்தியைச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். இது தொற்றுநோயன்று, சாபமுமன்று, ஒழுக்கக் கேட்டால் வருவதுமன்று. கிளினிக்குக்கு உடன் செல்லுங்கள். இந்த நோய் அரிதாக ஆண்களுக்கும் வரும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இனி, கிறிஸ்தவ நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மற்றச் சமயத்தாரும் கேட்கலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று சிலர் எண்ணுகிறார்கள். எசேக்கியா அரசன் நோயுற்றபோது கண்ணீரோடு ஜெபித்தான். ஆண்டவர் அந்த ஜெபத்தைக் கேட்டார். ஆயினும் ஏசாயா தீர்க்கதரிசி அவனுடைய கட்டியின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார். ஜெபமும் மருந்தும் அங்கே ஒன்றாக நின்றன. சுவிசேஷம் எழுதிய லூக்காவே ஒரு வைத்தியர் அல்லவா?

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வாடிய பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். வெளியே சொல்ல முடியாத நோய் அது. கூட்டத்துக்குள் மறைந்து வந்து ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். அவர் அவளை விரட்டவில்லை. எல்லார் முன்னிலையிலும் அவள் தன் கதையைச் சொல்லக் கேட்டார். மகள் முறை வைத்து அழைத்தார். நம் உடம்பைப் படைத்தவர் அதைக் கண்டு வெட்கப்படுவதில்லை. அவர் முன் மறைக்க ஒன்றுமில்லை என்றால், நம்மைக் காக்க வந்த மருத்துவர் முன் மட்டும் ஏன் மறைக்கவேண்டும்?

அந்தச் சிறுமியின் சித்தி, அக்காளை அடக்கம் செய்த சில மாதங்களில், தன் மார்பிலும் ஒரு சிறு கட்டியைத் தடவிக் கண்டார். நெருங்கிய இரத்த உறவில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டும் என்பதை முன்பே சொல்லி வைத்திருந்தோம். அன்று மாலையே நம் வீட்டுக் கதவைத் தட்டினார். இம்முறை நாங்கள் ஜெபித்தோம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரோடு கிளினிக்குக்கும் போனோம். அதுவும் புற்றுநோய்தான். ஆனால் சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டது. இன்று அவர் வேலைக்குப் போகிறார். அக்காள் மகளும் அவரிடம்தான் வளர்கிறாள்.

தாய்மார்களே, இன்றிரவு அடுப்பை அணைத்தபின் ஐந்து நிமிடம் உங்களுக்காக ஒதுக்குங்கள். பக்கத்து வீட்டு அக்காளிடமும் இதைச் சொல்லுங்கள். யாராவது உங்களிடம் "ஜெபம் பண்ணுங்கள்" என்று கேட்டால், ஜெபம் செய்யுங்கள். செய்துவிட்டு, "எங்கே வலிக்கிறது, தாயே?" என்றும் கேளுங்கள்.